சேலையின் பின்பக்கம் பார்க்க ஓர் அறை

1866-ஆம் ஆண்டு லண்டன் இந்தியா மியூசியத்தின் பொறுப்பில் இருந்த ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன், நம் நாட்டுத் துணிகளிலிருந்து 700 துண்டுகளை வெட்டி ஒட்டி 18 தொகுதிகளாக வெளியிட்டார். மொத்தம் 20 செட். அவற்றில் 13 பிரிட்டனுக்குள்ளேயே வழங்கப்பட்டன, ஏழு இந்தியாவுக்கு வந்தன. இங்கே என்ன உடுத்துகிறார்கள், அகலம் எவ்வளவு, கரை எப்படி என்று அங்குள்ள மில்காரர்கள் தொட்டுப் பார்த்து, அதே மாதிரி நெய்து நமக்கே விற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நம் நெசவாளியின் வயிற்றில் அடித்த வேலை அது. ஆனாலும் பழைய துணியைச் சேர்த்துவைப்பது புதிதாக நெய்யப் போகிறவருக்காக என்பது வாட்சனுக்குத் தெரிந்திருந்தது. இன்று விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியம் எனப்படும் நிறுவனமும் 1852-ல் ஏறக்குறைய இந்த எண்ணத்தோடுதான் தொடங்கியது.

போகப் போக மியூசியம் என்பது வேடிக்கை பார்ப்பவருக்கான இடமாகிவிட்டது. விக்டோரியா அண்டு ஆல்பர்ட்டில் 2015-ல் நடந்த இந்தியத் துணிக் கண்காட்சியும், 2023-ல் லண்டன் டிசைன் மியூசியம் இன்றைய சேலைகளுக்கென்றே நடத்திய கண்காட்சியும் கண்ணுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. காஞ்சிபுரத்தில் பட்டுக்கு ஓர் அருங்காட்சியகம் என்று பேசினாலும் நம் மனத்தில் வருவது அதே கண்ணாடிப் பெட்டியும் மஞ்சள் விளக்கும்தான். தறிச் சத்தம் இன்னும் நிற்காத சின்ன காஞ்சிபுரத்துக்கு அது போதாது. சேலையின் முகத்தை எந்தப் பட்டுக் கடையிலும் பார்த்துக்கொள்ளலாம். நெசவாளிக்கு வேண்டியது பின்பக்கம். தனித்தனி நாடாவில் போகும் உடலும் கரையும் கோர்வையில் எப்படிப் பிணைகின்றன, உடலின் பாவோடு முந்தியின் பாவைப் பிட்னி போட்டு இணைத்த இடத்தில் இழைகள் எப்படித் திரும்புகின்றன, தறிக்கு ஜக்கார்டு கருவி வருவதற்கு முன் அடை என்னும் நூல் கட்டி எடுத்த புட்டாவில் எத்தனை இழை தூக்கினார்கள் என்பதெல்லாம் துணியைத் திருப்பிப் போட்டு எண்ணினால்தான் பிடிபடும்.

அப்படிப்பட்ட பழைய சேலைகளில் பல தீக்குப் போகின்றன. புவிசார் குறியீட்டு விவரப்படி காஞ்சிப் பட்டின் ஜரிகையில் 57 சதவீதம் வெள்ளி. ‘பழைய பட்டுப் புடவை’ என்று தெருவில் கூவி வருபவர் வாங்குவது அந்த வெள்ளியைத்தான். வெள்ளி விலை ஏற ஏற, பாட்டியின் கல்யாணப் புடவைக்குப் பீரோவில் இடம் குறைகிறது. ஆகவே முதல் பணத்தைக் கட்டடத்தில் போடக்கூடாது. உருக்குபவர் தரும் விலைக்கு மேலே ஒரு தொகை வைத்து, கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக நல்ல சேலைகளை மீட்க வேண்டும். யார் நெய்தது, எந்தத் தெருத் தறி என்பதை விற்பவருக்குத் தெரிந்த மட்டும் எழுதிவைக்க வேண்டும். பெரிய மியூசியங்களில் நன்கொடை கொடுத்தவர் பெயர் தவறாமல் இருக்கும். நெய்தவர் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

நெசவாளர் திருப்பிப் பார்க்க ஓர் அறை என்றால், பழைய பட்டைப் பலர் தொட்டால் கிழியும் என்பார்கள். மிக நைந்ததை மட்டும் பெட்டியில் வைக்கலாம். 2025-ல் திறந்த விக்டோரியா அண்டு ஆல்பர்ட்டின் கிழக்கு லண்டன் சேமிப்பகத்தில், முன்பதிவு செய்தால் எவரும் ஐந்து பொருள்கள் வரை எடுத்துத் தரச் சொல்லிப் பார்க்கலாம். அவர்களால் முடிவது நம்மால் முடியாதா? விசைத்தறிக்காரர் டிசைனைத் திருடுவார் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அவருக்குக் கைப்பேசியில் எடுத்த ஒரு படம் போதும், அது ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்துவதுதான் அதற்கு மருந்து. பழைய சேலையை நெசவாளியிடமிருந்தே மறைப்பதால் திருட்டு நிற்காது. பார்க்க ஆள் வருமா என்று கேட்பவர்கள் 2019-ஐ நினைத்துப் பார்க்கட்டும். பெருமாள் கோயிலில் அத்தி வரதர் எழுந்தருளிய 48 நாளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இந்தச் சின்ன காஞ்சிக்கு வந்தார்கள். பெருமாளுக்கு இன்று என்ன நிறப் பட்டு என்பது அன்றன்று செய்தியானது. பட்டை அத்தனை பேர் பார்த்தார்கள், அது எப்படி நெய்யப்படுகிறது என்று சொல்ல ஊரில் ஓர் இடம் இருந்திருந்தால் அங்கும் வரிசை நின்றிருக்கும்.

எனக்குப் பெரிதாகப் படும் ஆட்சேபம் வேறு. சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர், தறிக்குழியை விட்டு எழுந்து அருங்காட்சியகத்துக்கு வருவாரா? வரமாட்டார். ஒரு நாள் போனால் அந்த நாளின் வருமானம் போய்விடும். எனவே சேலை பார்க்க வரும் நெசவாளிக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிட வேண்டும். அருங்காட்சியகத்தின் வரவு செலவுத் திட்டத்தில் விளக்குக்கும் கண்ணாடிக்கும் முன்னால் எழுத வேண்டிய செலவு இதுதான்.