அச்சுக்கட்டைக்காரருக்கு ஒலிவாங்கி இல்லை

நீண்ட பதிவு. கல்விப்புலத்து நண்பர்கள் சிலர் இதைப் படித்து வருந்தக்கூடும். வருந்துவோர் மறுப்பு எழுதுக, படிக்கக் காத்திருக்கிறேன்.

சில வாரங்களுக்கு முன் மும்பையின் கல்வி நிறுவனம் ஒன்றில் மரபுக் கைத்தொழில்கள் பற்றிக் கருத்தரங்கு நடந்தது. அரங்கினுள் ஆய்வுரைகள். வெளியே, தேநீர் மேசைக்குப் பக்கத்தில், தாராவியிலிருந்து அழைத்து வரப்பட்ட முதியவர் ஒருவர் மரக்கட்டை அச்சினால் துணியில் பூ அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பூர்விகம் திருநெல்வேலிப் பக்கம். நாற்பது ஆண்டுகளாக இதே தொழில். மாலை அமர்வில் இருக்கைகள் காலியாக இருந்தமையால் அவரும் உள்ளே வந்து என் அருகில் அமர்ந்தார். மேடையில் பேசியவர் திரையில் ஓர் அச்சுக்கட்டையைக் காட்டி, உருவத்தின் புறக்கோட்டைப் பதிக்கும் கட்டை இதுவே என்றார். முதியவர் என் காதருகே குனிந்தார்.

“அது ரேக் இல்ல தம்பி, தத்தா. ரேக் விழுந்த பொறவுதான் இது உள்ள நிரப்பும்.”

கேள்வி நேரம் வந்தது. ஒலிவாங்கி வரிசை வரிசையாகக் கைமாறி, எங்கள் வரிசையைத் தாண்டிச் சென்றது. அவர் கை உயர்த்தவில்லை. அவருக்காக நானும் உயர்த்தவில்லை. அவர் கொண்டுவந்த கட்டைகளைப் பலரும் படம் எடுத்தனர். அவர் பெயரை எவரும் எழுதிக்கொள்ளவில்லை. பிழையான அந்தப் படம், பிழையான அந்த விளக்கத்துடன், நாளை ஒரு கட்டுரைத் தொகுப்பில் அச்சேறும். அதற்கு மேற்கோள்களும் சேரும். இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு என்பதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் சொன்ன திருத்தம் சிறிய செய்தியன்று. துணியில் மரக்கட்டை அச்சடிப்போர்க்கு அடிப்படையாக மூவகைக் கட்டைகள் உண்டு: புறக்கோடு இழுக்கும் ரேக், தரைநிறம் பரப்பும் கத், உள்நிறம் நிரப்பும் தத்தா. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கட்டை. முதற்கட்டை மயிரிழை விலகினால், அடுத்த கட்டை அந்த விலகலைப் பெருக்கும். தேக்கு போன்ற மரத்தில் செதுக்கிய கட்டையை 10 முதல் 15 நாள் எண்ணெயில் ஊறவைத்துப் பதப்படுத்துவர். காற்று வெளியேறவும் மிகைச்சாயம் தேங்காதிருக்கவும் கட்டையில் துளைகள் இடுவர்; அவற்றுக்குப் ‘பவன்சார்’ என்று பெயர். காற்றுக்கும் வழிவிட்டுச் செதுக்கிய கைகள் அவை.

இத்தொழிலில் எவரும் தனியாக வேலை செய்வதில்லை. கட்டையின் எந்த மூலை தேய்ந்தது என்று அச்சடிப்பவர் செதுக்குபவரிடம் சொல்லியாக வேண்டும். சாயம் இன்று இளகியிருக்கிறது, கையை இலேசாக வை என்று சாயம் கலப்பவர் அச்சடிப்பவரிடம் சொல்லியாக வேண்டும். மும்பையின் மழைக்காலத்தில் எந்தத் துணி எத்தனை நாழிகையில் உலரும் என்பதை எந்தப் பாடநூலும் கற்பிக்காது. பக்கத்துப் பட்டறைக்காரர்தான் சொல்ல வேண்டும். எந்த வணிகர் கூலியை நிறுத்தி வைத்திருக்கிறார், எந்த ஊரில் நல்ல செதுக்காளர் இருக்கிறார், யார் வீட்டில் துக்கம் என்ற செய்திகளும் அதே மேசையில்தான் பரிமாறப்படுகின்றன. நுட்பம், திருத்தம், ஊர்ச்செய்தி மூன்றும் ஒரே பேச்சு. இந்தப் பேச்சுதான் தொழிலின் உயிர். நாம் கட்டையைச் சேகரிக்கிறோம், துணியைச் சேகரிக்கிறோம், பேச்சைக் கீழே கொட்டிவிடுகிறோம்.

கொட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தஞ்சைப் பகுதியிலேயே சான்று உண்டு. தஞ்சை மராட்டிய அரசகுடும்பத்துக்காக ஆக்கப்பட்ட கோடாலிக்கருப்பூர்ச் சேலையில் சரிகை நெசவும், மெழுகுத் தடுப்பும், கைவரைவும், கட்டையச்சும் ஒன்றுகூடின. 1855-இல் அரசு ஆங்கிலேயர் வசமானது. ஆதரவு போயிற்று, தொழிலும் மங்கி மறைந்தது. இன்று அச்சேலைகள் அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைகளில் இருக்கின்றன. மீட்டெடுக்க முயல்வோர் பழந்துணியைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. துணி மிஞ்சியது. ஒரு கை இன்னொரு கைக்குச் சொன்னது மிஞ்சவில்லை.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் என் துறையின் கணக்கையும் இங்கே திறந்து வைக்கிறேன். ஏசு சபைப் பாதிரியார் கேர்தூவை எங்கள் மாணவர்கள் அறிவர். வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவை, வில்லியம் ஜோன்ஸுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே, 1767-இல் பிரெஞ்சுக் கழகத்துக்கு எழுதியவர். அதே கேர்தூ 1742-இல் சோழமண்டலக் கரையிலிருந்து இன்னொரு கடிதம் எழுதினார் என்பதை வகுப்பில் எவரும் சொல்வதில்லை. சாயத்துணி ஆக்கும் முறையைக் கடுக்காயிலிருந்து படிகாரம் வரை படிப்படியாக விவரித்த கடிதம் அது. தம்மால் கிறித்தவரான சாயக்காரர்களிடம் கேட்டறிந்து எழுதினார். பிரான்சில் 1686 முதல் இத்தகைய துணிகளுக்கு இருந்த தடை 1759-இல் நீங்கியது. 1760-இல் ஓபர்காம்ப் ழூய் என்னும் ஊரில் மரக்கட்டை அச்சாலை தொடங்கினார். ஒரு கடிதம்தான் இதற்கெல்லாம் காரணம் என்று நான் கூறவில்லை. அறிவு எந்தத் திசையில் ஒழுகியது என்பதை மட்டும் சுட்டுகிறேன். கேர்தூவின் பெயர் நமக்குத் தெரியும். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர் நம்மில் எவருக்குத் தெரியும்? சாயவேர் என்ற அவர்கள் சொல் ஆங்கில அகராதியில் ‘சே ரூட்’ என்று ஏறிவிட்டது. சொல்லுக்குக் கிடைத்த இடம், சொன்னவருக்குக் கிடைக்கவில்லை.

வேறொரு வழியும் உண்டு. 1931 ஆகஸ்டில் ஷாங்காயில் பதின்மூன்று இளைஞர்களுக்கு மரச்செதுக்குப் பயிற்சி நடந்தது. கற்பித்தவர் ஜப்பானியரான உச்சியாமா ககிச்சி. பக்கத்தில் நின்று ஆறு நாளும் மொழிபெயர்த்தவர் லூசுன். அக்காலச் சீனத்தின் தலையாய எழுத்தாளர், செதுக்குளி பிடிக்கக் கற்ற இளைஞர்களுக்குத் துபாஷியாக நின்றார். பின்னர் அவர்கள் அனுப்பிய அச்சுகளைப் பார்த்து, எது தேறியது, எது தேறவில்லை என்று கடிதங்களில் எழுதினார். அயல்நாட்டு மரச்செதுக்குகளைத் திரட்டி நூல்களாக்கினார். இறப்பதற்குப் பதினொரு நாள் முன்பு, 1936 அக்டோபர் 8 அன்று, நோயுற்ற உடலுடன் மரச்செதுக்குக் கண்காட்சிக்குச் சென்று இளைஞர்களோடு அமர்ந்து பேசினார். அந்த இயக்கத்தின் தாக்கம் வங்கத்து இடதுசாரி ஓவியர்கள் வரை வந்தது. அவர்களில் ஒருவரான சித்தபிரசாத் 1946-இல் பம்பாய்க்கு வந்து, அந்தேரியில் வாழ்ந்து, மலிவாகப் பலர் கைக்குப் போகும் செதுக்கச்சுப் படங்களை ஆக்கினார். நம் நகரத்துக்கு அந்நியமான மரபன்று இது.

கேர்தூ கேட்டு எழுதி அனுப்பினார். லூசுன் நடுவில் நின்று இருபுறமும் கொடுத்தார். நாம் யார் என்று ஒவ்வோர் ஆய்வேட்டின் முன்னுரையிலும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் சொந்தத் துறையின் பாசாங்கு இன்னொன்று. முதியவரின் அந்தச் சொற்றொடரை எங்களில் ஒருவர் ‘மொழிக்கலப்பு’ என்று பெட்டியிலிடுவார். தமிழ்த்துறை நண்பர் ‘புறவரிக்கட்டை’ என்று கலைச்சொல் ஆக்கி மகிழ்வார். கலைச்சொல் ஆக்குக, எனக்குப் பகையில்லை. ஆனால் ரேக் என்பதைத் துரத்திவிட்டு அதை வைக்காதீர்கள். அச்சொல்லும் நம் உள்ளங்கை ரேகையும் ஒரே வேரின. பவன்சாரில் உள்ள காற்று நம் இலக்கியத்துப் பவனன்தான். குஜராத்தியும் இராஜஸ்தானியும் உத்தரப்பிரதேசத்தவரும் திருநெல்வேலித் தமிழரும் ஒரே மேசையில் நின்று வேலை செய்த வரலாறு அந்தச் சொற்களில்தான் பதிந்திருக்கிறது. நாம் சீட்டித்துணி என்பதும், யாழ்ப்பாணத்தார் சீத்தை என்பதும் அப்படிக் கடல் தாண்டியும் கரை தாண்டியும் வந்த சொற்களே. பட்டறையின் சொல் தலைச்சொல்லாகட்டும். நம் ஆக்கம் அதன் விளக்கமாகட்டும்.

எதிர்வாதங்களை அறிவேன். ‘சந்தை கைவிட்ட தொழிலை ஆய்வாளர் காப்பாற்ற முடியாது’ என்பது முதலாவது. முடியாதுதான். திரையச்சும் கணினியச்சும் விலையில் வென்றுவிட்டன. ஆனால் நான் கேட்பது காப்பாற்றலை அன்று, நேர்மையை. ஒருவரது அறிவினால் நாம் பட்டமும் உதவித்தொகையும் பெறுகிறோம் என்றால், சந்தை அவரைக் கைவிட்டது என்பது நம் கடனைத் தள்ளுபடி செய்யாது.

இரண்டாவது வாதம் வலுவானது. ‘பட்டறையைப் புனிதமாக்காதே; அங்கும் சாதி உண்டு, மறைப்பு உண்டு, பெண்ணுக்குக் கதவடைப்பு உண்டு’ என்பது. உண்மை. பட்டன் பட்டோலா நெசவில் மகளுக்குச் சொல்லாமல் மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்த வழக்கம் பலரும் அறிந்தது. துண்டுக்கணக்கில் கூலி பெறுபவரும் பட்டறை உரிமையாளரும் ஒரே ‘சமூகம்’ என்று எழுதுவது பொய். ஆகவேதான் ‘எல்லாவற்றையும் பதிவுசெய்து பொதுவில் வை’ என்னும் எளிய தாராளத்தையும் நான் ஏற்கவில்லை. பொதுவில் வைத்த வடிவத்தை நாளை ஒரு பெருநிறுவனம் கணினியில் இழைத்து ஆயிரம் கெஜம் அடிக்கும். செதுக்கியவர் கையறு நிலையில் நிற்பார். எதைச் சொல்வது, எதை மறைப்பது, யாரிடம் சொல்வது என்று முடிவுசெய்யும் உரிமை சொல்பவருடையது. மறைத்ததை மறைத்தபடி விடுவதும் ஆய்வறம்.

மூன்றாவதாக, ‘அவர்கள் ஆய்வாளர்கள் அல்லர்’ என்பர். கட்ச் பகுதியின் தமட்கா ஊரைப் பாருங்கள். 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்துக்குப்பின் அங்கு நீரில் இரும்புச்சத்து கூடியது. அஜ்ரக் அச்சின் நிறம் கெட்டது. அச்சடிக்கும் கத்ரிகளில் பலர் ஏற்ற நீர் உள்ள இடம் தேடி அஜ்ரக்பூர் என்னும் புதிய ஊரையே அமைத்தனர். நீரைச் சோதித்து, காரணம் கண்டு, கூடிப் பேசி, முடிவெடுத்து, இடம்பெயர்ந்தனர். இதற்கு ஆய்வு என்று பெயரில்லை என்றால் வேறு எதற்குப் பெயர்? அவர்களில் ஒருவரான இஸ்மாயில் முகமது கத்ரிக்கு 2003-இல் இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது.

இப்போது ஏன் இந்த அவசரம்? ஏறத்தாழ 600 ஏக்கர் தாராவியின் எதிர்காலம் தீர்மானிக்கப்படும் நேரம் இது. 2022-இல் அதானி குழுமம் ஏலத்தில் வென்ற மறுசீரமைப்புத் திட்டப்படி, 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தோர்க்குத் தாராவிக்குள் வீடு. பின்வந்தோர்க்கும் மேல்தளத்தார்க்கும் வெளியே. அதற்கென ஒதுக்கப்பட்ட நிலங்களில் செம்பூரை அடுத்த தேவ்னார் குப்பைமேடும் ஒன்று. மாசுபடுத்தாத தொழில்களுக்கே உள்ளே இடம். சாயத்தொட்டியை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. கணக்கெடுப்பு சுவர்களை எண்ணும். ஒருவர் தரைத்தளத்தில் அச்சடிக்கிறார், மாடியில் ஒருவர் துணி உலர்த்துகிறார், மூன்றாம் சந்தில் ஒருவர் கட்டையைச் சீர்செய்கிறார் என்ற தொடர்பை எந்தப் படிவமும் எண்ணாது. மூவரும் மூன்று திசையில் பிரிந்தால், ‘அது ரேக் இல்ல’ என்று சொல்ல யாரும் அருகில் இருக்கமாட்டார்கள். அரசிடம் முறையிட ஒரு மேடை இருந்தது: 1952-இல் அமைந்த அகில இந்தியக் கைவினைப்பொருள் வாரியம். அதுவும் 2020-இல் கலைக்கப்பட்டது. அன்று நம் பல்கலைக்கழகங்களிலிருந்து எத்தனை கண்டனங்கள் வந்தன?

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழ்விழா எடுக்கும் நம்மவர்க்கும் சொல்கிறேன்: தாராவி இரண்டு கல் தொலைவில்தான் இருக்கிறது. பட்டிமன்ற நடுவர்க்கு அனுப்பும் வண்டி அங்கும் போகும்.

என் கோரிக்கைகள் எளியவை.

ஒன்று: செய்துகாட்ட அழைத்தால் பேசவும் அழையுங்கள். ஆய்வாளருக்குத் தரும் மதிப்பூதியத்தையே அவருக்கும் தாருங்கள். அன்றைய கூலி அவருக்கு இழப்பு.

இரண்டு: அவர் இசைந்தால் பெயரைப் போடுங்கள். நன்றியுரையின் கடைசி வரியில் அன்று, கட்டுரையின் தலைப்பில்.

மூன்று: அச்சுக்கு அனுப்புமுன் படங்களையும் விளக்கங்களையும் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். துறை வல்லுநர் மதிப்பீடு என்று நாம் போற்றுவது இதுதான் அன்றோ? வல்லுநர் அங்கே இருக்கிறார்.

நான்கு: பதிவுசெய்த ஒலியையும் எழுத்தையும் அவர்கள் பேசும் மொழியில் திருப்பித் தாருங்கள்.

ஐந்து: தாராவியில் களப்பணி செய்யும் மாணவர்கள், யார் யாரிடம் வேலை கேட்கிறார், யார் யாரைத் திருத்துகிறார் என்ற வரைபடத்தை, அவர்கள் விரும்பினால், அவர்களுக்காக ஆக்கித் தாருங்கள். இழப்பீடு கேட்கும் நாளில் அது அவர்கள் கையில் இருக்கட்டும்.

நான் தொடங்கிவிட்டேன். கருத்தரங்குக்கு மறுவாரம் முதியவரின் பட்டறைக்குச் சென்று, எழுதிக்கொண்டிருக்கும் சொற்பட்டியலின் முதல் ஆறு பக்கங்களைப் படித்துக் காட்டினேன். பதினொரு இடங்களில் திருத்தம் சொன்னார். இரண்டு சொற்களை எழுத வேண்டாம் என்றார், எழுதவில்லை. அந்தப் படத்தை வெளியிட்ட ஆய்வாளருக்கும் அவர் சொன்ன திருத்தத்தை, அவர் இசைவுடன், மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.