உறையில் இடவேண்டியது எவர் வாள்?

திம்புள்ள உழவர் ஒருவர் காட்டுப்பன்றியை விரட்டத் துவக்கு வைத்திருக்க விரும்பினால், 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதி பெறவேண்டும். ஆண்டுதோறும் அதனைப் புதுப்பிக்கவும் வேண்டும். முறைதான், நாம் எதிர்க்கவில்லை. 2025 பெப்ரவரியில், கொழும்பு நீதிமன்றத்தினுள்ளேயே, சட்டத்தரணி வேடத்தில் வந்த ஒருவன் கூண்டில் நின்ற கைதியைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கி ஒளிந்து வந்ததோ, உள்ளே குடையப்பட்ட சட்டப் புத்தகத்தில்! எம் கறுப்பங்கிக்கு இதனினும் இழிவு உண்டோ? இதனைக் கண்டியாதார் எவருமிலர்.

ஆனால், அரசின் துவக்குக்குக் கணக்குக் கேட்போர் எங்கே?

1977 மே மாதம், நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்தளிக்கும் திட்டத்தை எதிர்த்துத் திரண்ட தொழிலாளர்மீது டெவன் தோட்டத்திலே பொலிசார் சுட்டனர். சிவனு லெட்சுமணன் என்னும் இளைஞன் மாண்டான். புதுநிலம் கேட்டவனல்லன் அவன். வியர்வை சிந்திய நிலத்தைப் பறியாதீர் என்றவன்.

கெத்செமனேயில் வாளை உறையிலிடுமாறு இயேசு பணித்தது பகைவரையன்று. தமக்காக வாளோங்கிய பேதுருவை! எதிரியின் ஆயுதத்தைப் பழிக்கத் துணிவு எதற்கு? தம் பக்கத்து ஆயுதத்தைத் தடுப்பதற்கன்றோ நெஞ்சுரம் வேண்டும்! 1972 இல் கண்டியிலே சத்தியோதயத்தை நிறுவித் தோட்ட மக்களுக்காக வாதாடிய இயேசு சபைத் துறவி போல் கஸ்பெர்ஸ் போன்றோர் எத்தனை பேர்? பாதாள உலகத்தைப் பிரசங்க பீடத்திலிருந்து சாடும் மேய்ப்பர்களே, லெட்சுமணன் பெயரை அங்கு எத்தனை முறை உச்சரித்தீர்கள்?

வாக்குக் கேட்டு மலையேறி வரும் வேட்பாளருக்கும் எம்மிடம் ஒரு வினா உண்டு: உமது கட்சி ஆளுகையில் நிராயுதபாணிமீது பொலிசார் சுட்டால், கட்டளையிட்டவர் யாரென்று பாராளுமன்றத்தில் எழுந்து நின்று கேட்பீரா?