பழைய துவக்கிக்குத் திரும்புதல்

கணிப்பொறிக்கு மின்விசை தந்தவுடன் இயக்க முறைமை தானே எழுந்துவிடுவதில்லை. அதனை வட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் ஏற்றுவதற்கென ஒரு சிறு நிரல் உண்டு. ‘பூட் லோடர்’ என வழங்கும் இத்துவக்கி பழுதுற்றால், வட்டிலுள்ள பாடங்களும் பதிவேடுகளும் சேதமின்றி இருந்தும் பொறி எழுவதில்லை. செய்முறைத் தேர்வு நாளில் இது நேர்ந்தால் ஆசிரியர் என் செய்வார்? பழைய துவக்கிக்கே திரும்பலாமா என்று எண்ணுவது இயல்பு. அதனைப் பிற்போக்கு என இகழ்வோரோடு எமக்கு உடன்பாடில்லை. ஆயினும், திரும்பும் வழி முன்போல் என்றும் திறந்திருக்குமென நம்புவதும் தகாது.

லினக்ஸில் பெருவழக்கான துவக்கி ‘கிரப்’. அதன் முதல் தலைமுறை 2005இல் வந்த 0.97 பதிப்போடு நின்றது. 2009 அக்டோபரில் உபுண்டு 9.10 இரண்டாம் தலைமுறையை மேற்கொண்டபோது பலர் பழையதற்குத் திரும்பினர். அது வெறும் பழக்கப்பற்று அன்று. பழையதில் எல்லா ஏற்பாடும் ஒரே கோப்பில் இருந்தது. கையால் திருத்தினால் போதும். புதியதிலோ அக்கோப்பு நிரலால் ஆக்கப்படுவது. கையால் செய்த திருத்தம் அடுத்த புதுப்பித்தலில் மறைந்துவிடும். வட்டின் முதற்பகுதியைப் பழையது 0 என்றும் புதியது 1 என்றும் எண்ணியதால் விளைந்த குழப்பமும் சிறிதன்று. எனினும் திரும்புதல் அன்று எளிது. வட்டின் முதல் 512 பைட்டுகளில் துவக்கிக்குரியவை 446. அவற்றை மாற்றி எழுதுவதே முதன்மையான வேலை. (512ஐயும் அப்படியே பழைய நகலால் நிரப்புவோர் அதிலுள்ள பகுப்புப் பட்டியலையும் மாற்றிவிடுவர், இங்கே கவனம் வேண்டும்.) யூஇஎஃப்ஐ முறையிலான பொறிகளில் இவ்வழி செல்லாது.

2020 ஜூலையில் கிரப்பில் ‘பூட்ஹோல்’ என்னும் பாதுகாப்புக் குறை வெளியாயிற்று. அதற்கான திருத்தத்தை ஏற்ற ரெட் ஹேட் லினக்ஸ் பொறிகள் சில எழ மறுத்தன. முந்திய பதிப்புக்குத் திரும்பும் வழியை அந்நிறுவனமே அறிவித்தது. எம் கருத்தில் அது முறையே. ஆனால் 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் திருத்தம், குறையுள்ள பழைய துவக்கிகளை விலக்கும் வரம்பைப் பொறியின் நிலைநினைவிலேயே எழுதியது. விண்டோஸும் லினக்ஸும் ஒருங்கே உள்ள பொறிகளை அது தொடாதெனக் கூறப்பட்டிருந்தும், அவற்றுட் பல லினக்ஸைத் துவக்க மறுத்தன. மீட்புக்கென வைத்திருந்த பழைய வட்டுகளும் உதவவில்லை. 2025 மே மாதத்தில்தான் அக்குறை நீங்கிற்று.

ஆகவே பள்ளிகளுக்குப் புதுப்பித்தலை அனுப்புவோர், திரும்பும் முறையையும் உடன் எழுதி அனுப்பக் கடமைப்பட்டவர். அதனை ஒரு பொறியிலேனும் செய்து பார்த்தபின் அனுப்புதல் நலம். களப்பணியாளர் தம் மீட்பு வட்டை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பழைய துவக்கியை ஏற்கும்பொருட்டு, கையொப்பம் சரிபார்க்கும் ‘செக்யூர் பூட்’ முறையைச் சில மணி நேரம் நிறுத்துவதில் குற்றமில்லை. நிலையாக நிறுத்தி வைப்பதை யாம் ஏற்கோம். விண்டோஸ் வட்டு ‘பிட்லாக்கர்’ பூட்டுடையதாயின், நிறுத்துமுன் அதன் மீட்புத் திறவுகோலைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பொறி அதனைக் கேட்கும்போது கையில் இல்லையெனில், துவக்கி சீராகியும் வட்டு திறவாது.