எண்ணிக் கொடுத்த காசு

உலக சுகாதார நிறுவனத்தில் பணம் இல்லை என்கிறார்கள். 2025 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை, முதலில் முன்வைக்கப்பட்ட 530 கோடி டாலரை 420 கோடியாகக் குறைத்து 2026-27க்கான வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றியது. அமெரிக்கா வெளியேறுவதைக் காரணம் காட்டுகிறார்கள். என் கேள்வி அதைவிடப் பழையது: இருந்த பணம் யார் சொன்னபடி செலவானது?

இந்நிறுவனத்துக்கு இரண்டு வழியில் பணம் வருகிறது. உறுப்பு நாடுகள் கட்டியே தீரவேண்டிய பங்குத்தொகை ஒன்று; விருப்பக்கொடை மற்றொன்று. 1970களில் பங்குத்தொகையே பெரும்பகுதி. 2020-21இல் அது ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. கொடையிலும் பெரும்பாலானது 'இதற்கு மட்டும்' என்ற நிபந்தனையோடு வருவது. போலியோவுக்கு வந்ததைப் பேறுகாலத்துக்கு எடுக்க முடியாது.

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதா? பாலுக்கு இவ்வளவு, மளிகைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கையில் வைத்துவிட்டு, 'வீட்டு நிர்வாகமே அவள்தான்' என்று பெருமை பேசும் ஆண்களைப் பார்த்தே வளர்ந்தோம். காசு அவள் கையில் இருக்கும், முடிவு இருக்காது. அவளுடைய மூட்டுவலிக்கு அந்தக் கணக்கில் இடமே இராது.

2020இல் கர்ப்பத்தாலும் பேறுகாலத்தாலும் 2,87,000 பெண்கள் இறந்ததாக இதே நிறுவனம் மதிப்பிட்டது. இரண்டு நிமிடத்துக்கு ஓர் உயிர். இவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றப் புது மருந்து எதுவும் தேவையில்லை. இரவிலும் திறந்திருக்கும் சுகாதார நிலையம், பயிற்சி பெற்ற செவிலி, ரத்தம், ஒரு வண்டி போதும். இவை எந்த ஒற்றை நோயின் தலைப்பிலும் அடங்காதவை. 1978இல் அல்மா ஆட்டாவில் 'அனைவருக்கும் நலவாழ்வு' என்று அறிவித்தபோது கேட்டது இதைத்தான். மறு ஆண்டே, அது அகலக்கால், சில நோய்களை மட்டும் பொறுக்கிக்கொள்வோம் என்று வல்லுநர்கள் வாதிட்டார்கள். கொடையாளிகளுக்கு அது வசதியாகப் போயிற்று.

கொடுப்பவர் கணக்குக் கேட்கக் கூடாதா என்பார்கள். கேட்கட்டும். செலவழித்தபின் கேட்பது கணக்கு. செலவழிக்குமுன் கையைப் பிடிப்பது அதிகாரம்.

2022 மே மாதம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நம் ஆஷா பணியாளர்களுக்கு இந்நிறுவனம் விருது வழங்கியது. இந்திய அரசும் கைதட்டியது. அதே அரசின் ஏட்டில் அவர்கள் இன்னமும் 'தன்னார்வலர்கள்'; கிடைப்பது சம்பளமல்ல, ஊக்கத்தொகை. பெண்ணின் உழைப்புக்குப் பாராட்டு ஜெனீவாவிலும் தில்லியிலும் தாராளமாகக் கிடைக்கிறது. அதற்கு நிதி ஒதுக்க வேண்டியதில்லையே.

தமிழ் கற்பிப்பவள் என்பதால் சொல்லில் நிற்கிறேன். கொடைக்குப் புகழ் உண்டு. வள்ளலைப் பாடப் புலவர்கள் உண்டு. பங்கைப் பாடுவாரில்லை, ஏனெனில் பங்கு உரிமை. அடிப்படை வரவுசெலவில் பாதியை 2030-31க்குள் பங்குத்தொகையாலேயே நிரப்புவதென்று உறுப்பு நாடுகள் 2022இல் ஒப்புக்கொண்டன. அந்த வாக்கைக் காப்பாற்றச் சொல்லுங்கள். அந்தப் பணத்தில் முதல் உரிமை பேறுகாலத்துக்கும் செவிலிக்கும் என்று கேளுங்கள். 'பாலினம்' என்று ஓர் அத்தியாயம் எழுதித் தந்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.