யார் கொடுத்தது?

சென்ற மாதம் நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றை அழைத்துக்கொண்டு திருவனந்தபுரம் நேப்பியர் பொருட்காட்சிசாலைக்குச் சென்றிருந்தோம். 1880இல் கட்டி முடிக்கப்பெற்ற அம்மாளிகையின் வண்ணங்களைப் பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, நெல்லையிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஆச்சி ஒருவர் மட்டும் ஒரு வெண்கலத் திருமேனியின் முன் நின்றுவிட்டார். கை கூப்பினார். பிறகு நம் பக்கம் திரும்பி, "தம்பி, கோயில்ல இருக்க வேண்டிய சாமி இங்க எப்படி வந்துது? யாரு கொடுத்தா?" என்றார். நாம் அறிந்ததோ சீட்டில் கண்ட பெயரும் நூற்றாண்டுமே. விடை சொல்ல இயலாமல் விழித்தோம்.

உண்மையில், ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் நமக்கு அக்கேள்வி புதிதன்று. ஒரு பார்சல் வந்து சேர்ந்தால், அனுப்பியவர் யார், எந்த நிலையத்தில் ஏற்றியது, எங்கே வண்டி மாறியது என்று ரசீதும் பதிவேடும் ஒத்துப்போக வேண்டும். நடுவில் ஓரிடம் விட்டுப்போனால் அங்கேதான் சந்தேகம் பிறக்கிறது. மேனாட்டுப் பொருட்காட்சிசாலைகளில் இன்று அறிஞர் பலர் செய்துவருவதும் இதே வேலைதான். 1933 முதல் 1945 வரை ஜெர்மனியில் ஆண்ட நாஜிகள் யூதர்களிடமிருந்து பறித்த ஓவியங்களைக் கண்டறிந்து உரியவரிடம் சேர்க்க வேண்டுமென்று 1998இல் வாஷிங்டனில் 44 நாடுகள் கூடி இசைந்தன. அது முதல் இவ்வேலை விரைவு பெற்றது. ஓவியத்தின் அழகைக் காண்போர் அதன் முன்னே நிற்பர். இவ்வாராய்ச்சியாளரோ அதனைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்க்கின்றனர். ஒட்டிய சீட்டும் முத்திரையும் எண்ணும் அங்கேயன்றோ இருக்கின்றன!

நமக்கு அண்மையிலுள்ள கதை கண்டிப் பீரங்கியின் கதை. ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் மியூசியத்தில் 1800 முதல் இருந்துவந்தது அது. சிறிய பீரங்கிதான், ஆயினும் வெண்கலத்தின் மேல் பொன்னும் வெள்ளியும் மாணிக்கக் கற்களும் இழைத்து, கண்டி மன்னருக்குரிய ஞாயிறு, திங்கள், சிங்கம் ஆகியவற்றைப் பொறித்த அரும்பொருள். லேவுகே திசாவை என்னும் கண்டிப் பிரபு 1745ஆம் ஆண்டளவில் தம் அரசனுக்கு அளித்த காணிக்கை அது என்று அறிஞர் கொள்கின்றனர். அன்பளிப்புத்தான், ஐயமில்லை. ஆனால் யார் யாருக்கு அளித்தது? பிரபு அரசனுக்கு அளித்தாரேயன்றி, டச்சுக் கம்பெனிக்கு எவரும் அளிக்கவில்லை. 1765இல் கம்பெனியின் கவர்னர் வான் எக் படையுடன் கண்டிக்குள் புகுந்தபோது அரண்மனையிலிருந்து கொள்ளை போனது அது. (இதே கம்பெனிதான் அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்னர், 1741இல், நம் அருகிலுள்ள குளச்சலில் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்று ஓடியது என்பதை இங்குள்ளோர் நினைவுகூர்வர்.)

2019இல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியில் டச்சு அறிஞரும் இலங்கை அறிஞரும் ஒன்றுகூடிப் பழைய ஏடுகளையும் பீரங்கியின்மேல் உள்ள எழுத்தையும் ஒத்துப் பார்த்தனர். உரியவரின் விருப்பமின்றி எடுக்கப்பட்டதென உறுதிப்படும் குடியேற்ற நாட்டுப் பொருளை, அந்நாடு கேட்டால் நிபந்தனையின்றித் தருவதென்று நெதர்லாந்து அரசும் 2021இல் முடிவு செய்தது. 2023ஆம் ஆண்டின் இறுதியில் பீரங்கியும், பொன் வாள், வெள்ளி வாள், கத்தி, இரண்டு பெருந்துப்பாக்கிகளும், ஆக ஆறு பொருள்கள் இலங்கை வந்து சேர்ந்தன. பறித்தது ஒரு நாள் வேலை. திரும்புவதற்கு 258 ஆண்டுகள்!

இதனைச் சங்கத்தில் சொன்னபோது நண்பர் ஒருவர் நகைத்து, "1765இல் கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் மதுரைப் பக்கத்து நாயக்கர் குலமாயிற்றே! பீரங்கி மதுரைக்கன்றோ வர வேண்டும், ஸார்?" என்றார். அனைவரும் சிரித்தோம். எனினும் நம் கருத்து வேறு. அதன்மேலுள்ள எழுத்து சிங்களம். அளித்தவர் கண்டிப் பிரபு. இருந்த இடம் கண்டி அரண்மனை. அரசனின் பூர்வீகத்தை வைத்துப் பொருளின் ஊரை மாற்றுவது, பெறுநர் பெயர் ஒன்றாயிருக்கிறதென்று பார்சலை வேறு ஊரில் இறக்குவது போலாகும்.

அந்த ஆச்சியைச் சென்ற ஞாயிறன்று மீண்டும் கண்டோம். கதை முழுவதும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டவர், "சரிப்பா, அது பீரங்கி. நான் கேட்டது சாமியை அல்லவா?" என்றார். பதிவேடு பார்த்து வந்து சொல்கிறோம் என்று வாக்களித்திருக்கிறோம்.

கொழும்பிலுள்ள உறவினரைக் காணச் செல்லும் அன்பர்கள் அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்தில் கண்டி அரசரின் சிம்மாசனத்தையும் காணலாம். அதனை 1693இல் கண்டி மன்னருக்குப் பரிசாகத் தந்தவர்களும் அதே டச்சுக்காரர்தாம். 1815இல் ஆங்கிலேயர் எடுத்துச் சென்று, 1934இல் திருப்பித் தந்தனர்.