திரையில் தெரிவதும் கோப்பில் உள்ளதும்

அச்சுவேலி ஞானப்பிரகாச யந்திரசாலையிலே 1928இல் சுவாமி ஞானப்பிரகாசரின் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ அச்சேறியது. அக்கால அச்சுக்கோப்பாளன் ஈய எழுத்துக்களை இடவலம் மாறிய வடிவிலேயே வாசிக்கப் பழகியவன்; தாளில் விழப்போவதைக் கையிலுள்ள எழுத்தைக் கொண்டே அறிந்தான்.

இன்று இணையத்தளம் அமைக்கப் பயிலும் மாணவனுக்கோ காட்சித் தொகுப்பியே போதும் என்பார் உளர். படத்தை இழுத்து வைத்தால் எச்.டி.எம்.எல். குறிகள் தாமே எழுதப்படுமாம்! இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. 1990இல் ரிம் பேர்னர்ஸ்-லீ ஆக்கிய முதல் உலாவியே பார்த்தபடி எழுதவும் இடந்தந்தது.

ஆயினும் இவ்வசதிக்குத் தமிழர் கொடுத்த விலை பெரிது. பாமினி எழுத்துருவிலே ‘அம்மா’ என்று திரையில் தோன்றும். கோப்பில் உள்ளவையோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகள். காட்சித் தொகுப்பி இதனை மறைத்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பக்கம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாயிற்று. தேடுபொறிக்கு அங்கே தமிழே இல்லை. அக்கோப்பை வெற்றெழுத்துத் தொகுப்பியில், வழமையான எழுத்துருவில் திறந்தவனுக்கு இம்மோசம் ஒரு கணத்திற் புலப்பட்டிருக்கும்.

ஒருங்குறி வந்தபின் அந்நோய் தீர்ந்தது என்று தப்புதற்கில்லை. வேர்ட்டிலிருந்து இணையப் பக்கமாகச் சேமித்த பத்துச் சொல்லைத் திறந்து பார்க்கட்டும். அச்சொற்களுக்கு முன்னே நூற்றுக்கணக்கான வரிகள் நிற்கும்! தலைப்பைத் தலைப்பென்று குறிக்காது எழுத்தை மட்டும் பெருப்பித்தால், திரைவாசிப்பான் கொண்டு செவியால் வாசிக்கும் பார்வையற்றவர்க்கு அது தலைப்பே அன்று. கண்ணை மட்டும் நம்பியவன் இதனை எங்ஙனம் அறிவான்?

மைக்ரோசொப்ற் 2006இல் புரொன்ற்பேஜைக் கைவிட்டது. அதில் மட்டுமே பழகியவர் வேறு கருவி தேட நேர்ந்தது. குறிகளைக் கையால் எழுதக் கற்றவர்க்கு நோட்பாட் அப்படியே இருந்தது.