டீக்கடைக் கச்சேரியும் தனிக் கிளாசும்

நமது அன்பர் ஒருவர் தமது ஊர் டீக்கடையில் நடைபெற்று வரும் பாட்டுக் கச்சேரியைப் பற்றி நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதி, நமது அபிப்பிராயம் என்ன என்று கேட்டிருக்கின்றார். இது அவ்வூர் ஒன்றுக்கு மாத்திரம் சம்பந்தப்பட்ட விஷயம் அல்லவாகையால் அவருக்குத் தனியே பதில் எழுதாமல் இங்கேயே எழுதுகின்றோம்.

விஷயம் இதுதான். அந்த டீக்கடைக்காரர் சனிக்கிழமை தோறும் பொழுது சாய்ந்ததும் ரேடியோவையும் டெலிவிஷனையும் நிறுத்திவிட்டு, பாடத் தெரிந்தவர்களைப் பாடச் சொல்லுகின்றார். மைக் கிடையாது. ஒலிபெருக்கி கிடையாது. டிக்கட் கிடையாது. தையற்காரர் ஒருவர் ஆர்மோனியம் வாசிக்கின்றார். கொத்தனார் ஒருவர் பாடுகின்றார். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் கஞ்சிரா தட்டுகின்றான். கேட்பவர்கள் பெஞ்சியிலும் திண்ணையிலும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே கேட்கின்றார்கள். இதுவரையில் நமக்கு மிகுந்த சந்தோஷமே.

ஆனால் ஒரு சனிக்கிழமை சேரியிலிருந்து நான்கு தோழர்கள் பறை கொண்டுவந்து அடித்தார்களாம். கூட்டம் எழுந்து நின்று கை தட்டி, இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரு முறை என்று கேட்டதாம். அடித்து முடித்ததும் எல்லோருக்கும் டீ வந்தது. மற்றவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ். பறை அடித்த நால்வருக்கு மாத்திரம் காகிதக் கப். நமது அன்பர் காரணம் கேட்டதற்கு, "காகிதக் கப்தானே சுத்தம், அவர்களுக்கு மரியாதை செய்ததாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று கடைக்காரர் பதில் சொன்னாராம். இனி அந்தக் கச்சேரிக்குப் போகலாமா, கூடாதா என்பதுதான் அன்பரின் கேள்வி.

முதலாவது, டீக்கடையில் சங்கீதமா என்று மூக்கைச் சுளிக்கின்றவர்களுக்குச் சொல்லிவிடுகின்றோம். சங்கீதம் தெய்வீகமானது என்றும், அதற்கு ஸ்தலசுத்தியும் ஆசாரமும் வேண்டும் என்றும் இவர்கள் சொல்லுகின்றார்கள். அந்த ஆசாரத்தின் யோக்கியதை நாம் அறியாததல்ல. 1946-ல் திருவையாற்றில் தண்டபாணி தேசிகர் தமிழில் ஒரு பாட்டுப் பாடியதற்கே மேடை தீட்டாகிவிட்டது என்று சொன்னவர்கள் உண்டு. தமிழ் நாட்டில் தமிழில் பாடுங்கள் என்று கேட்பதற்கு 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் மாநாடு கூட்ட வேண்டியிருந்தது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் வைக்க வேண்டியிருந்தது. பாடுகிறவன் தொண்டையும் கேட்கிறவன் காதும் இருந்தால் சங்கீதம் உண்டு. இதில் தெய்வத்துக்கு என்ன வேலை? ஆகவே டீக்கடைக் கச்சேரி சபாக் கச்சேரிக்கு எந்த விதத்திலும் தாழ்ந்ததல்ல. டிக்கட் வாங்க முடியாதவனும், வேட்டி அழுக்கானவனும், ராகத்தின் பெயர் தெரியாதவனும் வெட்கமில்லாமல் உட்காரக்கூடிய இடம் என்பதால் ஒரு விதத்தில் மேலானது என்றுகூடச் சொல்லுவோம்.

நிற்க, கிளாஸ் விஷயத்துக்கு வருவோம்.

பறை அடித்த நால்வர் தொட்ட கிளாஸ் மற்றவர்களுக்கு ஆகாது என்பதற்கு என்ன காரணம்? மாட்டுத் தோலைத் தொடுகிறவர்கள் என்பதா? அப்படியானால் மிருதங்கத்தில் இருப்பது என்ன? பசுவின் தோலும், ஆட்டின் தோலும், எருமையின் தோலும்தானே! அந்தத் தோலைப் பதமிட்டு, வாரிழுத்து, மிருதங்கம் செய்து கொடுப்பவர்களில் பலர் ஆதிதிராவிடக் கிறிஸ்தவத் தோழர்கள். அவர்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கின்றார். தோல் மிருதங்கமாகிச் சபா மேடை ஏறினால் நாதம். அதே தோல் பறையாகித் தெருவில் வந்தால் தீட்டு என்றால், தீட்டு தோலில் இல்லை என்பது சிறு குழந்தைக்கும் விளங்கும். அது மனிதன் தலையில் கட்டிவிடப்பட்ட பொய்.

இன்னும் ஒன்று கேட்கின்றோம். அந்தக் கிளாசில் இருக்கிற டீ எங்கிருந்து வந்தது? நீலகிரியிலும் வால்பாறையிலும் மழையிலும் அட்டைக் கடியிலும் நின்று கொழுந்து கிள்ளிய பெண்களின் கைகளிலிருந்து வந்தது. அந்தக் கைகளில் எத்தனையோ கைகள் இந்த நால்வரின் இனத்தார் கைகள். அந்தக் கை பட்ட இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம். ஆனால் அந்தக் கை பட்ட கிளாசைக் கழுவிக்கூடக் குடிக்கக் கூடாது என்பது என்ன நியாயம்?

சுத்தம் என்று கடைக்காரர் சொல்லுகின்றார். சுத்தம் நமக்கும் வேண்டும். நோய்க் கிருமி ஜாதி பார்த்து வாயில் ஏறுவதில்லை. மேல் தெருக்காரர் இருமினாலும் கீழ்த் தெருக்காரர் இருமினாலும் கிருமி கிருமிதான். கிருமிக்குப் பயந்தால் எல்லாக் கிளாசையும் கொதிநீரில் போடட்டும். அல்லது எல்லோருக்கும் காகிதக் கப்பே கொடுக்கட்டும். நால்வருக்கு மாத்திரம் சுத்தம், நாற்பது பேருக்கு அது வேண்டாம் என்றால் அதன் பெயர் சுத்தமல்ல. முன்னே கொட்டாங்கச்சியில் ஊற்றினார்கள். பிறகு தனிக் கிளாசை ஆணியில் மாட்டி வைத்தார்கள். இன்று காகிதக் கப்பை நீட்டுகின்றார்கள். பாத்திரம் மாறியிருக்கின்றதே ஒழிய புத்தி மாறவில்லை.

நம்முடைய இயக்கத்துக்கு இது புதுச் சண்டையல்ல. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணாளுக்கு ஓரிடம், மற்றவர்களுக்கு ஓரிடம் என்று இருந்ததைக் கிளர்ச்சி செய்து 1941-ல் ஒழித்தோம். ஹோட்டல் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற எழுத்தை எடுக்கச் சொல்லி 1957-ல் திருவல்லிக்கேணியில் மறியல் தொடங்கி, நூற்றுக்கணக்கானவர்கள் சிறை சென்றார்கள். அன்று நம்மைத் தள்ளி வைத்தவர்களை எதிர்த்து இவ்வளவும் செய்துவிட்டு, இன்று நாமே நமக்குக் கீழே ஒருவனைத் தள்ளி வைத்துக் காகிதக் கப் நீட்டுவோமானால், நாம் கேட்டது சுயமரியாதையா அல்லது நமக்கும் ஒரு பூணூலா என்று யாராவது கேட்டால் நாம் என்ன பதில் சொல்லுவது? பிராமணரல்லாதார் என்று சொல்லிக்கொள்ளுகின்ற ஒவ்வொருவரும் இதை மனதில் போட்டுப் பார்க்க வேண்டும்.

"மேல் தெருக்காரர்கள் கோபித்துக்கொண்டு வராமல் போனால் என் பிழைப்பு என்னாவது?" என்று கடைக்காரர் பயப்படலாம். அந்தப் பயத்தை நாம் கேலி செய்யவில்லை. தினம் விற்கிற டீயில் பிழைக்கிறவருக்கு அது பெரிய பயந்தான். ஆனால் அந்தப் பாரத்தை அவர் ஒருவர் தலையில் மாத்திரம் சுமத்திவிட்டுப் போகக் கூடாது. அங்கே உட்கார்ந்திருந்த நாற்பது பேரில் பத்துப் பேர், "எங்களுக்கும் அதே கப்பில் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர்களுக்கும் இதே கிளாசில் கொடுங்கள்" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே காரியம் முடிந்திருக்கும். கை தட்டத் தெரிந்த நாற்பது பேருக்கு வாய் திறக்கத் தெரியவில்லை என்பதுதான் நமக்கு வருத்தம்.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கின்றது. 1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955-ம் வருஷச் சட்டம், இப்போது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று வழங்கப்படுவது, ஹோட்டலில் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரத்தை ஒருவன் உபயோகிக்கக் கூடாதென்று தீண்டாமையின் பேரால் தடுப்பதைக் குற்றம் என்கின்றது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும் அபராதமும் உண்டு. சட்டத்தைக் கொண்டு கிளாசை வாங்கிவிடலாம். ஆனால் பக்கத்தில் உட்காரச் சொல்லும் மனதைச் சட்டம் கொடுக்காது. ஆகையால் முதலில் வாயால் கேளுங்கள்; கேட்டும் மறுத்தால் சட்டத்தைக் காட்டத் தயங்காதீர்கள்.

இனி அன்பருடைய கேள்விக்குப் பதில். கச்சேரிக்குப் போவதை நிறுத்த வேண்டாம். கச்சேரியும் நிற்க வேண்டாம். அது நின்று போனால் சந்தோஷப்படுகிறவர்கள் ஜாதிப் பித்தர்களே. வருகிற சனிக்கிழமை பத்துத் தோழர்களோடு முன்னதாகவே போங்கள். கடைக்காரரோடு நயமாகப் பேசுங்கள். எல்லோருக்கும் ஒரே கிளாஸ், ஒரே பெஞ்சி என்பதை ஏற்பாடாக்குங்கள். ஆர்மோனியக்காரருக்கு ஏதாவது கொடுப்பதானால் பறைக்காரருக்கும் அதே அளவு கொடுங்கள். சாவுக்கு மாத்திரம் கூப்பிடுகிற பறையை இப்படிப்பட்ட சந்தோஷ வேளைக்கும் கூப்பிடுவதை வழக்கமாக்குங்கள். ஜாதிப் பெருமை பேசும் பாட்டு எந்த ஜாதியைப் பற்றியதானாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று: கடிதத்தில் ஒரு பெண்ணின் பேச்சுக்கூட இல்லை. டீக்கடைப் பெஞ்சி ஆண்பிள்ளைகளுக்கு மாத்திரம் பட்டா எழுதிக் கொடுத்ததல்ல. வீட்டுப் பெண்களையும் அழைத்துப் போங்கள். பாடத் தெரிந்தவர்கள் பாடட்டும்.

பறையின் சத்தத்தைக் கேட்ட காது ஜாதி பார்க்கவில்லை. தாளம் போட்ட கால் ஜாதி பார்க்கவில்லை. கிளாசை நீட்டிய கை மாத்திரம் பார்த்தது. அந்தக் கை ஒன்றைத் திருத்துவதுதான் பாக்கி. அதைச் செய்துவிட்டு நமக்கு மறுபடியும் எழுதும்படி அன்பரைக் கேட்டுக்கொள்ளுகின்றோம்.